மெலிவும் பருமனும்: சீலியாக் நோயின் வரலாறும் வன்னி நாட்டு உணவும்

மன்னர் ஆட்சியும் போரும் உடன்படிக்கையும் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும். ஒரு நாட்டு மக்கள் எதனை உண்டனர், எதனால் நலிந்தனர், எதனால் தேறினர் என்பனவும் வரலாற்று ஆசிரியன் ஆராயற்பாலனவே. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தினைக் காட்டிலும் உணவினைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றார். உண்டது அற்றபின் உண்டலும், உடலோடு ஒவ்வாதவற்றை விலக்கலும், அளவறிதலும் ஆங்கு வற்புறுத்தப்படுகின்றன. உணவு ஒவ்வாமையே நோயின் முதலாகும் என்ற அக்கருத்திற்குச் சீலியாக் நோயைப்போற் சான்று பகர்வது பிறிதொன்றில்லை.

கோதுமை, வாற்கோதுமை, றை என்னும் மூன்று தானியங்களிலும் உள்ள குளூற்றன் என்னும் பசைப் புரதம், பிறப்பிலேயே அதற்கு இயைபுடைய சிலரின் சிறுகுடலைத் தாக்குவிக்கின்றது. தாக்குவது அப்புரதம் அன்று. அதனைப் பகையென மயங்கிய உடலின் காப்பு முறையே தன் குடலைத் தானே புண்படுத்துகின்றது. உண்டவை உடலிற் சேராமையால் நோயாளி மெலிவார் என்பதே நெடுங்காலமாக மருத்துவ நூல்கள் கூறிவந்த இலக்கணம். ஆயின் இந்நோயாளருட் பலர் மெலியாமலே இருக்கின்றனர், சிலர் பருத்திருக்கின்றனர், கோதுமையை நீக்கிப் பத்தியம் காத்தோருட் பெரும்பாலோர் எடை ஏறுகின்றனர். மெலிவிக்கும் நோயிலே பருமன் எங்ஙனம் தோன்றிற்று என்பது அண்மைக்காலம் வரை விளங்காதிருந்த வினா. அவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி மருத்துவக் கூடத்திலும், மறு பகுதி பஞ்சங்களின் வரலாற்றிலும் கிடக்கின்றது. பஞ்சமும் நிவாரணமும் மாறிமாறி வந்த வன்னி நிலத்திற்கு அவ்விடை நெருங்கிய தொடர்புடையதாகும்.

வன்னி நிலமும் அதன் தானியங்களும்

அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற வன்னி நாடு குளங்களின் நாடு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் இன்றைய மாவட்டங்கள் பரந்து கிடக்கும் இந்நிலத்தில் மழைநீரைத் தேக்கி நெல் விளைத்தலே பண்டுதொட்டு நிகழ்ந்த தொழில். காலபோகம் பெருவிளைவைத் தரும். குளத்தில் நீர் எஞ்சின் சிறுபோகமும் உண்டு. காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிர்ச்செய்கையிற் குரக்கன், சாமை, வரகு, தினை, சோளம், பயறு, எள் என்பன விளைந்தன. மழை பொய்த்த ஆண்டிலே நெல்லின் இடத்தைக் குரக்கன் ஏற்றது. ஒடியல் மாவும், காட்டுத் தேனும், குளத்து மீனும், மாட்டுப் பாலும் நெய்யும் உணவை நிறைவுசெய்தன. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் முன்றிலிற் பொங்குவதும் புத்தரிசியே.

இத்தானியங்களுள் ஒன்றிலேனும் குடலைப் புண்படுத்தும் குளூற்றன் இல்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. புட்டும் இடியப்பமும் களியும் கூழும் கஞ்சியுமாகத் தலைமுறைகள் உண்டு வந்த ஒரு மக்களிடையே, இந்நோய்க்கு உரிய பிறப்பியல்பு இருந்திருப்பினும், அதனை எழுப்பும் பொருள் உணவில் இல்லை. விதை நிலத்திற் கிடந்தும் நீர் படாமையால் முளையாதிருந்த நிலை அது எனலாம்.

பெருவயிறும் மெலிந்த கையும்

வன்னி மக்கள் மெலியாதிருந்தனர் என்பது இதன் பொருளன்று. ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில நிருவாகி 1895ஆம் ஆண்டு வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், இந்நிலத்து மக்கட்டொகை அருகியிருந்தமையையும் காய்ச்சலும் பறங்கி நோயும் அவர்களை வருத்தியமையையும் காட்டுகின்றது. அதற்கு முன்னரே, 1881இல், இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியான கின்சி பறங்கி நோயைப் பற்றித் தனி அறிக்கை எழுதியிருந்தார். குளத்தையண்டிய ஊர்களில் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா, ஆண்டுதோறும் தங்கியிருந்த நோய். அடிக்கடி காய்ச்சலுற்ற பிள்ளையின் மண்ணீரல் வீங்கும், வயிறு முன்தள்ளும், கைகால்கள் குச்சிபோல் மெலியும், முகம் வெளிறும்.

மேனாட்டு மருத்துவ நூல்களிலுள்ள சீலியாக் நோய்ச் சிறுவனின் படமும் இதுவே. முன்தள்ளிய வயிறு, சூம்பிய கைகால், வெளிறிய முகம் என்னும் மூன்றும் இரு நோய்க்கும் பொதுவாயின. புழுநோயிலும் புரதக் குறைவிலும் இதே தோற்றம் ஏற்படும். செகராசசேகரம், பரராசசேகரம் என அரசர் பெயரால் வழங்கும் வைத்திய நூல்கள் தோன்றிய மண்ணில், பரம்பரை வைத்தியர் மாந்தம், கணை, கிரகணி என்று பெயரிட்டுப் பிள்ளை நோய்களைப் பிரித்தறிய முயன்றமையும் தோற்றம் ஒன்றாய்க் காரணம் பலவாயிருந்தமையாலேயே ஆகும். ஆகவே உடலின் பருமனையும் மெலிவையும் கண்டு நோயைத் துணிதல் இடர்ப்பாடுடையது என்னும் பாடத்தை வன்னி நிலம் நெடுங்காலத்தின் முன்னரே கற்பித்திருந்தது.

1945ஆம் ஆண்டின் பின்னர் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கப்பெற்றதும் மலேரியா விரைந்து குறைந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் காணப்பட்டது. அது பின்னர் 1967, 1968ஆம் ஆண்டுகளில் மீண்டும் பெருகிற்றெனினும், இறுதியில் 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. பெருவயிற்றின் பழைய காரணம் ஒன்று இவ்வாறு நீங்கிற்று. அது நீங்கிவந்த அதே காலத்திற் புதிய தானியம் ஒன்று உணவுக்கலத்தினுட் புகுந்தது.

மேனாட்டு மருத்துவர் கண்ட நோய்

அத்தானியத்தின் கதைக்கு முன் நோயின் கதையை அறிதல் வேண்டும். கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் வாழ்ந்த கப்பதோக்கியா நாட்டு அரித்தேயசு என்னும் கிரேக்க மருத்துவர், உண்டது செரியாது கழியும் நெடுநோய் ஒன்றினை விரித்துரைத்து, வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதனை வழங்கினார். சீலியாக் என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. அதன் பின் 1887இல் இலண்டன் மாநகரில் சாமுவேல் ஜீ என்பவர் சிறுவர்க்கு வரும் இந்நோயைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். மறு ஆண்டு அது அச்சேறியது. நோயாளி குணமாவதாயின் உணவினாலேயே குணமாதல் கூடும் என்று அவர் துணிந்தார். துணிபு சரியே, தெரிவுதான் பிழைத்தது. அரிசியைத் தகாதென விலக்கிய அவர், மெல்லிதாக அரிந்து இருபுறமும் வாட்டிய பாணை அனுமதித்தார். குற்றமற்றது தண்டிக்கப்பட்டது, குற்றமுடையது விடுதலை பெற்றது.

1924இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவினால் இச்சிறுவரைத் தேற்றினார். அவருடைய பத்தியத்திற் பாணும் பிற தானியங்களும் கிழங்கும் விலக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் எடை ஏறித் தேறினர். வாழைப்பழத்திற்குப் பெருமை சேர்ந்தது. உண்மையிற் குணப்படுத்தியது உண்ட பழமன்று, உண்ணாத பாண் என்பதை அக்காலத்தார் உணரவில்லை.

வெப்ப நாடுகளிலோ வேறொரு குழப்பம் நிகழ்ந்தது. ஆசிய நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பியர் நாட்பட்ட கழிச்சலும் நாப்புண்ணும் மெலிவும் உற்றனர். ஒல்லாந்தர் யாவாவில் இதனை ஸ்புரூ என்றனர். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் இலங்கை வாய்ப்புண் என்ற பெயரும் இதற்கு உண்டு. இது கோதுமையால் வருவதன்று. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில், அரிசி உண்ணும் தமிழ் மக்களிடையே, இந்நோய் கொள்ளைநோயெனப் பரவியதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து எழுதினர். வெப்ப நாட்டில் ஒருவர் மெலிந்தால் ஸ்புரூ, புழு, மலேரியா, காசம் என்பனவே மருத்துவர் நினைவிற்கு முதலில் வந்தன. சீலியாக் நோய் வெள்ளையர்க்கே உரியது என்ற கருத்தும் இதனால் வேரூன்றியது.

உண்மையை வெளிப்படுத்தியவர் ஒல்லாந்து நாட்டு வில்லெம் காரெல் டிக்கே என்னும் சிறுவர் மருத்துவர். ஹேக் நகரின் யூலியானா சிறுவர் மருத்துவமனையிற் பணியாற்றிய அவர், கோதுமை இல்லாத உணவின் பயனைப் பற்றி 1941ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியப் படைகளின் தடையால் மேற்கு ஒல்லாந்தில் உணவு வரத்து அறுந்தது. 'பசிக் குளிர்காலம்' என வழங்கும் அக்காலத்தில் ஒருவர்க்குரிய நாளாந்தப் பங்கு 1,000 கலோரிக்கும் கீழ்ச் சென்றது. மக்கள் துலிப் பூவின் கிழங்கைத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். நாடு முழுவதும் மெலிந்த அந்நாளிற் சீலியாக் நோய்ச் சிறுவர் தேறினர். பாண் மீண்டும் வந்ததும் அவர்கள் மீண்டும் நலிந்தனர். டிக்கே 1950இல் ஊத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில், கோதுமை நீங்கியபோது பிள்ளைகளின் எடை ஏறியதையும் சேர்ந்தபோது இறங்கியதையும் காட்டினார். ஜீ விலக்கிய அரிசி, தீங்கற்றதென அவ்வாய்வினால் நிலைநாட்டப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளுள் ஒல்லாந்திலும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலும் நிகழ்ந்த ஆய்வுகள் தீமை விளைப்பது குளூற்றனே என உறுதிசெய்தன. 1954இல் போலி என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளரின் சிறுகுடலிற் சடைமுளைகள் தேய்ந்திருத்தலைக் கண்டார். 1956, 1957ஆம் ஆண்டுகளில் வாய்வழியே கருவியைச் செலுத்திக் குடலின் இழையத் துண்டெடுத்துச் சோதிக்கும் முறையும் அமைந்தது.

இவ்வரலாற்றில் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். டிக்கே காலத்தில் எடை ஏறுதலே குணத்தின் அடையாளமாயிருந்தது. மெலிந்த பிள்ளை தேறிற்றா என்பதைத் தராசே சொல்லிற்று. அந்நாளில் நல்வழி காட்டிய தராசு, பின்னாளில் மருத்துவரை மயக்குவதாயிற்று.

பாண் வந்த வழி

கோதுமை என்ற சொல் வடமொழி வழிவந்து தமிழிற் பழகியதே. ஆயின் பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் கொடை. அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்டபோதும் பாண் பட்டினத்தார் உணவாகவே இருந்தது. வன்னிக் காட்டூர்களை அது எட்டவில்லை. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்த பர்மிய அரிசி நின்றது. அரிசி பங்கீடு செய்யப்பட்டது. குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. இலங்கை மக்களின் நாவிற் கோதுமை நிலையான இடம்பெறத் தொடங்கிய காலம் அதுவே. 1952இற் சீனத்தோடு செய்த இறப்பர் - அரிசி உடன்படிக்கையும், பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது 1953 ஆகத்தில் எழுந்த ஹர்த்தாலும், அரிசி எத்துணை அரசியற் பொருளாயிற்று என்பதைக் காட்டும். 1966ஆம் ஆண்டின் இறுதியிற் பங்கீட்டு அரிசி பாதியாகக் குறைக்கப்பட்டது. அரிசி குறையுந்தோறும் மா மிகுந்தது. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கடல் கடந்தே வருகின்றது.

வன்னியிலோ இதே காலத்தில் நெல்லின் எல்லை விரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் அமைக்கப்பெற்றது. 1936 முதல் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கிற்று. பின்னர் உருத்திரபுரம், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், விசுவமடு எனக் குடியேற்றங்கள் பெருகின. 1970களின் முற்பகுதியில் இறக்குமதித் தடையின் பயனாக வடபகுதி உழவர் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுச் செழித்தனர். நாட்டின் பிற பகுதிகளிற் பாணுக்கு நிரை நின்ற நாளில் வன்னியார் தம் நெல்லை உண்டனர். அத்துடன் 1958, 1977, 1983ஆம் ஆண்டு வன்செயல்களால் அலைக்கழிந்த மலையகத் தமிழர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினர். தோட்டங்களிற் கோதுமை மாவைப் பங்காகப் பெற்று றொட்டி சுட்டுண்டு பழகிய அம்மக்களோடு அவ்வழக்கமும் வன்னியிற் பரவிற்று. 1980ஆம் ஆண்டு திருகோணமலையிற் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியதும் கோதுமை மா மூலைக்கடைகளிலும் மலிந்தது. அதனை நீராவியில் அவித்து அரித்துப் புட்டும் இடியப்பமும் ஆக்கும் முறை வீடுதோறும் அமைந்தது. உருவம் பழைய உணவாக இருந்தது. உள்ளிருந்த பொருள் மாறிவிட்டது.

பின் வந்தது போர். 1990 முதல் வடபகுதிக்குப் பொருள்கள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்களிற் பெருந்தொகையினர் வன்னியை அடைந்தனர். வயலுடையோரும் வயலை இழந்தனர்; நிவாரணப் பங்கே உணவாயிற்று. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பனவே அப்பங்கின் உறுப்புகள். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்தில் அடைபட்ட மக்களுக்கு அரிசியும் உப்பும் நீருமான கஞ்சியே உயிர் தாங்கிற்று. முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று ஆண்டுதோறும் மே மாதத்தில் அது நினைவுகூரப்படுகின்றது. உயிர்தப்பிய ஏறத்தாழ 280,000 பேர் வவுனியாச் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டனர். அங்கும், மீளக் குடியேறிய தொடக்க நாளிலும், பங்குப் பொதியில் அரிசியோடு கோதுமை மா இருந்தது. மக்கள் விரும்பித் தெரிந்த உணவன்று அது. கப்பலும் களஞ்சியமும் தெரிந்து கொடுத்த உணவு.

பரம்பரையும் உணவும்

இவ்வுணவு மாற்றத்தால் விளையக்கூடியதை இந்தியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு விளக்குகின்றது. 2016இல் வெளியான அவ்வாய்வு வடக்கே அரியானாவிலும், வடகிழக்கே அசாமிலும், தெற்கே வேலூரிலும் வளர்ந்தோரைச் சோதித்தது. சீலியாக் நோய் வடக்கே நூற்றுக்கு 1.23 ஆகவும் வடகிழக்கே 0.87 ஆகவும் தெற்கே 0.10 ஆகவும் இருந்தது. அந்நோய்க்கு இடந்தரும் பரம்பரையலகுகளோ மூன்று பகுதிகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 31 முதல் 38 வரை, பெரிதும் வேறுபாடின்றிக் காணப்பட்டன. வேறுபட்டது உணவே. ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கே ஏறத்தாழ 455 கிராம். வடகிழக்கே 37 கிராம். தெற்கே 25 கிராம்.

அசாமில் உண்ட கோதுமை சிறிதாயினும் நோய் சிறிதன்று. ஆதலின் அளவொன்றே காரணம் எனல் பொருந்தாது. எனினும் தமிழரிடம் இந்நோய்க்குரிய பிறப்பியல்பு இல்லை என்னும் எண்ணம் இவ்வாய்வினால் அழிந்தது. மூவருள் ஒருவரிடம் அவ்வியல்பு உண்டு. அவருள்ளும் மிகச் சிலரே நோயுறுவர். உணவு மாறிய மக்களிடையே அச்சிலரைத் தேடிக் காணல் மருத்துவரின் கடன். வன்னியிலும், வன்னியினின்று பெயர்ந்து கோதுமையே முதலுணவாகிய கனடாவிலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் வாழ்வோரிடையேயும் இக்கடன் ஒன்றேயாம்.

எடை ஏறியதன் காரணம்

இனி, மெலிவிக்கும் நோயிற் பருமன் தோன்றும் புதிரை நோக்குவோம். வட அயர்லாந்தில் 371 நோயாளரை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று பழைய இலக்கணத்தைத் தலைகீழாக்கிற்று. நோய் கண்டறியப்பட்ட நாளில் நூற்றுக்கு 5 பேரே மெலிந்திருந்தனர். நூற்றுக்கு 39 பேர் அளவிற்கு மேற்பட்ட எடையினர்; நோயாளர் அனைவருள்ளும் நூற்றுக்கு 13 பேர் மிகப் பருத்தோர். பத்தியத்தை ஒழுங்காகக் காத்தவருள் நூற்றுக்கு 81 பேர் ஈராண்டிற்குள் எடை ஏறினர். முன்னரே பருத்திருந்தோரும் இதற்கு விலக்கல்லர்.

இதற்குக் காரணம் பலவாம். முதலாவது, சிறுகுடல் முழுவதும் ஒரே வகையாகப் புண்படுவதில்லை. மேற்பகுதி தேயினும் கீழ்ப்பகுதி அதன் வேலையைத் தாங்குகின்றது. இரும்பும் கல்சியமும் மேற்பகுதியிற் சேர்வன. ஆதலின் அவை குறைந்து குருதிச்சோகையும் எலும்பு நலிவும் தோன்றும். மாப்பொருளும் கொழுப்பும் பின்னும் சேர இடமுண்டு. எனவே ஒருவர் பருத்திருந்தும் சத்திழந்தவராயிருத்தல் கூடும். இரண்டாவது, சேராது கழிவதை ஈடுசெய்ய நோயாளி நெடுங்காலம் மிகுதியாக உண்டு பழகியிருப்பார். கோதுமை நீங்கிச் சடைமுளைகள் மீண்டும் வளர்ந்தபின், முன்பு கழிந்த உணவெல்லாம் உடலிற் சேர்கின்றது; உண்ணும் அளவோ பழக்கத்தால் மாறுவதில்லை. ஓட்டைப் பானை அடைபட்ட பின்னும் முன்போலவே நீர் வார்த்தால் அது வழியத்தானே செய்யும். மூன்றாவது, கோதுமைக்கு மாற்றாகக் கடையில் விற்கும் பண்டங்கள் பல, பசை இன்மையை மறைக்கக் கொழுப்பும் சீனியும் மிகுத்துச் செய்யப்படுவன, நார்ப்பொருள் குறைந்தன. நான்காவது, தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்கும் நோய் சீலியாக் நோயோடு கூடி வருவதுண்டு. அச்சுரப்பி தளரின் எடை ஏறும். ஐந்தாவது, குருதியிற் புரதம் மிகக் குறைந்தவிடத்து உடலில் நீர் கோத்து வீங்கும். அதனைச் சதை வைத்ததென மயங்குதலும் நேரும்.

பஞ்சம் விட்டுச் செல்லும் சுவடு

இக்காரணங்களுட் பழக்கமும் குடலும் மட்டுமன்றி, பட்டினியுண்ட உடலின் நினைவும் ஒன்றாகும். சீலியாக் நோயாளி உண்டும் பட்டினி கிடப்பவர். பட்டினியின் பின் உடல் எங்ஙனம் தேறுகின்றது என்பதை அமெரிக்க நாட்டு மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பார் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். 36 இளைஞர் தாமே முன்வந்து ஆறு திங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். மீண்டும் உண்ணத் தொடங்கியதும் அவர்கள் உடலில் முதலில் மீண்டது தசையன்று, கொழுப்பே. அதுவும் பழைய அளவைக் கடந்து மிகுந்தது. மறுபடியும் பஞ்சம் வரும் என்று அஞ்சிய உழவன் குதிரை நிரப்புவதுபோல, உடலும் சேமிக்கின்றது.

சீலியாக் நோயின் காரணத்தைத் தெளிவாக்கிய ஒல்லாந்துப் பசிக் குளிர்காலமே இரண்டாவது பாடத்தையும் தந்தது. அப்பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் உட்பட ஏறத்தாழ 300,000 இளைஞரின், படைச்சேவைக்காக 19 வயதில் எடுக்கப்பட்ட உடல் அளவுகள் 1976இல் ஆராயப்பட்டன. கருவுற்ற முற்பாதியில் தாய் பசியுற்றிருந்தாற் பிள்ளைகளிற் பருமன் மிகுந்தது. பேறுகாலத்தை அண்மியும் பிறந்த பின்னும் பசியுற்றோரிடைப் பருமன் குறைந்தது. ஒரே பஞ்சம், கோதுமை உண்ணாத நோய்ப் பிள்ளைகளைத் தேற்றிற்று. பிறவாத பிள்ளைகளின் உடலிலே இருபதாண்டு கழித்துத் தோன்றும் பருமனையும் எழுதிவைத்தது.

2009இல் வன்னிக் கரையோரத்திற் கஞ்சியுண்ட தாய்மாரின் வயிற்றிலிருந்தோர் இன்று இளமைப் பருவத்தை எய்தியுள்ளனர். அவர்கள் பிறந்தபின் வளர்ந்தது பங்குப் பொதியின் மாவிலும் சீனியிலும் எண்ணெயிலும் ஆகும். பின்னர்ச் சாலையோரக் கடைகளிற் பாணும் வணிசும் கொத்துறொட்டியும் நாளாந்த உணவாயின. இவர்களுட் சிலர் காரணம் புலப்படாது பருத்தால், அவரைச் சோம்பேறிகள் என்றும் வாய்கட்டாதவர் என்றும் இகழ்தல் அறியாமை. பசியின் வரலாறு அவ்வுடலில் இருத்தல் கூடும் என்பதை ஆசிரியரும் மருத்துவரும் உணர்தல் வேண்டும்.

வன்னிக்கு இதனால் விளையும் பயன்

பசியை அறிந்த சமுதாயத்திற் பருத்தலே நலம் என்னும் எண்ணம் இயல்பாக எழும். தேறிவிட்டான், சதை வைத்துவிட்டாள் என்பன வாழ்த்துரைகள். மலேரியாவும் போரும் கண்ட வன்னியார்க்கு அவ்வாழ்த்தின் பொருள் நன்கு தெரியும். ஆயினும் எடையொன்றையே கண்டு நலத்தையும் நோயையும் துணிதல் இனியும் பொருந்தாது. தீராத குருதிச்சோகை, ஓயாத வயிற்றுப்பொருமல், வளர்ச்சி குன்றல், எலும்பு நோவு என்பன பருத்த உடலிற் காணப்படினும் சீலியாக் நோயை நினைத்தல் தக்கது. குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளைச் சோதித்து இதனை ஐயுறவும், குடலின் இழையத்தைச் சோதித்து உறுதிசெய்யவும் இன்று வழியுண்டு. சோதனைக்கு முன்னர்த் தாமாகவே கோதுமையை விடுவோர்க்கு நோய் மறைந்து முடிவு பிழைபடும். ஆதலிற் சோதித்த பின்னரே விடுதல் முறை. நோய் இல்லாதார் மெலிவதற்கெனக் குளூற்றனை நீக்குதலால் ஒரு பயனுமில்லை.

நோயுற்றோர் அறியவேண்டிய நுட்பங்கள் சில வன்னி அடுக்களையிலேயே உள்ளன. கோதுமை மாவை அவித்தலாற் குளூற்றன் நீங்காது. அவித்த மாப் புட்டும் பாணும் நோயாளிக்கு ஒன்றே. குரக்கன் மாவோடு பதமாக வருதற்பொருட்டுக் கோதுமை மாவைக் கலத்தல் பலரின் வழக்கம். கலந்தபின் அது குரக்கன் உணவாகாது. பெருங்காயக் கட்டியிலும் கோதுமை மா சேர்க்கப்படுவதுண்டு. மறுபுறம், அரிசி தீங்கற்றதென்று தீட்டிய வெள்ளரிசியை அளவின்றி உண்டால் எடையும் நீரிழிவும் வந்து சேரும். தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், சாமை, வரகு, பயறு, ஒடியல், கீரை, குளத்து மீன் என்பவற்றை அளவோடு உண்பதே குடலையும் எடையையும் ஒருங்கே காக்கும். மேனாட்டிற் பெருவிலைக்கு விற்கப்படும் பத்திய உணவு இங்கே சேனைப் பயிராக விளைந்த பொருளே.

2022ஆம் ஆண்டு இலங்கைக்கு நேர்ந்த பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பலமடங்கு ஏறியபோது, பல வீடுகள் அரிசி மாவிற்கும் சிறுதானியங்களுக்கும் திரும்பின. தட்டுப்பாடு கற்பித்ததை நிறைவான காலத்திலும் மறவாதிருத்தல் நன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளின் உயரமும் எடையும் அளக்கப்படும்போது, அவர்தம் குருதியின் நிலையும் உணவு வழக்கமும் அவற்றோடு சேர்த்துப் பதியப்படுமாயின், மெலிந்த பிள்ளையின் நோயும் பருத்த பிள்ளையின் நோயும் ஒருங்கே வெளிப்படும். 1950இல் டிக்கே தம் முடிபிற்கு வந்தது பிள்ளைகளின் எடையையும் அவர்கள் உண்டதையும் ஆண்டுக்கணக்காக ஒருங்கே குறித்துவைத்தமையாலேயே ஆகும். வன்னியில் அத்தகைய பதிவேடு ஒன்று தொடங்கப்பெறுதல் காலத்தின் தேவையாகும்.